யார் மேலும் தப்பில்லை என்றால்

பிளேட்லெட் என்ற சொல்லைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொண்டுவந்தது டெங்கு. மருத்துவம் துளியும் தெரியாதவர்கள்கூட "நேத்து ஒரு லட்சத்து இருபது, இன்னைக்கு எண்பதாயிரம்" என்று தங்க விலையைப் போல அந்த எண்ணைச் சொல்வார்கள். பப்பாளி இலைச் சாறு, நிலவேம்புக் கஷாயம், பிளேட்லெட் கொடுக்க ஆள் தேடும் வாட்ஸப் செய்திகள் எல்லாம் அந்த ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கும். இதிலிருந்து நாம் ஒரு சூத்திரத்தைக் கற்றுக்கொண்டிருக்கிறோம். பிளேட்லெட் குறைந்தால் ரத்தம் கசியும், ஆகவே ஏற்ற வேண்டும்.

பெரும்பாலும் சரியான சூத்திரம்தான். ஆனால் அது தலைகீழாகிற ஓர் இடம் உண்டு. இதய அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகத் தேறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பிளேட்லெட் திடீரென்று பாதியாகச் சரிந்தால், பயப்பட வேண்டியது ரத்தக் கசிவுக்காக அல்ல. ரத்தக் குழாய்களுக்குள் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகித் தீர்ந்துகொண்டிருக்கலாம். எண் குறைவதற்கே அதுதான் காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் பிளேட்லெட் ஏற்றுவது எரிகிற அடுப்பில் விறகைச் செருகுவது மாதிரி. இதைத் தொடங்கிவைத்ததோ, ரத்தம் உறையக் கூடாது என்று கொடுத்த மருந்து: ஹெப்பாரின்.

ஹெப்பாரின் இல்லாமல் இன்றைய இதய அறுவை சிகிச்சையைக் கற்பனை செய்வது கடினம். இதயத்தை நிறுத்திவிட்டு ரத்தத்தைக் குழாய்கள் வழியாக வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி உள்ளே அனுப்புகிறது ஓர் இயந்திரம். பிளாஸ்டிக்கைத் தொட்டதும் ரத்தம் உறையத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க உடல் எடையில் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் வரை ஹெப்பாரின் செலுத்துகிறார்கள். மருந்து இன்று பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்து வருகிறது. வேலை முடிந்ததும் அதை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் ஆதியில் சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்பட்டது. மனித இதயத்தைத் தைக்க ஒரு பன்றியும் ஒரு மீனும் வேண்டியிருக்கிறது. 1916-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது, உறைவதைத் தடுக்கும் பொருள் ஒன்று கையில் சிக்கியது. அதுதான் தொடக்கம்.

பிளேட்லெட்டுகள் தூண்டப்படும்போது ஒரு புரதத்தை வெளியே விடும். அதன் பெயர் பிளேட்லெட் ஃபாக்டர் 4. அது நேர்மின்னூட்டம் கொண்டது, ஹெப்பாரின் எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ளும்போது புரதத்தின் வடிவம் மாறுகிறது. சிலருடைய உடல் அந்த மாறிய வடிவத்தை அந்நியன் என்று எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருளின் ஒரு முனை இந்தக் கூட்டுப்பொருளைப் பிடிக்கும், மறு முனை போய்ப் பிளேட்லெட்டையே தூண்டும். தூண்டப்பட்ட பிளேட்லெட் இன்னும் ஃபாக்டர் 4-ஐ வெளியே விடும். எங்கள் தொழிலில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. ஒரு சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் மற்றவை திரும்பத் திரும்பக் கேட்கும், அந்தக் கேள்விகளின் சுமையிலேயே அது இன்னும் தாமதிக்கும். காப்பாற்றுவதற்காக எழுதிய நிரலே கவிழ்த்துவிடும். மருத்துவர்கள் இந்த நோயைச் சுருக்கமாக 'ஹிட்' என்கிறார்கள்.

இதய அறுவை சிகிச்சையில் இதைக் கண்டுபிடிப்பது குறிப்பாகக் கஷ்டம். இயந்திரத்தில் சுற்றிவந்த எல்லோருக்குமே முதல் சில நாட்களில் பிளேட்லெட் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். நீர் கலந்ததால் கொஞ்சம், குழாய்களில் தேய்ந்ததால் கொஞ்சம். நான்காம் ஐந்தாம் நாளில் ஏறத் தொடங்கும். ஏறிய பிறகு மறுபடி இறங்கினால்தான் சந்தேகம். ஆக, 80,000 என்ற எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. இரண்டாம் நாளில் அது வழக்கம், ஏழாம் நாளில் எச்சரிக்கை. சரி, ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிடலாமே? இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த எதிர்ப்பொருள் உருவாகிவிடுகிறது. நோய் வருவது நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை. எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதாலேயே நோய் இருக்கிறது என்றாகாது. அது பிளேட்லெட்டை உண்மையிலேயே தூண்டுகிறதா என்று காட்டும் நுட்பமான சோதனை எல்லா ஊரிலும் இல்லை, முடிவு வர நாட்களாகும்.

இந்த நோயின் வரலாற்றில் என்னை நிறுத்தி வைக்கிற ஒரு பகுதி உண்டு. 1958-ல் வைஸ்மன், டோபின் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள், ஹெப்பாரின் எடுத்துக்கொண்டிருக்கும்போதே தமனிகளில் புதிய அடைப்புகள் வந்த பத்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பிளேட்லெட் குறைவும் இந்த அடைப்பும் ஒரே கதையின் இரு பக்கங்கள், நடுவில் எதிர்ப்பொருள் ஒன்று இருக்கிறது என்பது தெளிவாகத் தொடங்கியது 1970-களில்தான். இடைப்பட்ட காலத்தில் ஒரு மருத்துவர் என்ன செய்திருப்பார்? ஹெப்பாரின் கொடுத்தும் ரத்தம் உறைகிறது என்றால், மருந்து போதவில்லை என்றுதான் நினைத்திருப்பார். அளவைக் கூட்டியிருப்பார். அன்றைய அறிவின்படி அது ஒழுங்கான முடிவு. நோயாளிக்கோ அது வினை. அந்த மருத்துவர்மேல் குற்றம் உண்டா? இல்லை என்று யாரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். நானும் சொல்வேன். ஆனால் 'குற்றம் இல்லை' என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறதா?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை, என் பெரியப்பாவிடமிருந்து வந்தது. போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று குழாய்களில் அடைப்பு, பைபாஸ் நன்றாக முடிந்தது. நான்காம் நாள் பிளேட்லெட் 1,70,000-க்கு ஏறியிருந்தது. ஏழாம் நாள் 82,000. பணியில் இருந்த மருத்துவர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். எவ்வளவு குறைந்தது, எந்த நாளில் குறைந்தது, எங்கேயாவது அடைப்பு தெரிகிறதா, வேறு காரணம் இருக்க முடியுமா என்ற நான்கு கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தார். எட்டுக்கு ஐந்து வந்தது. லேசான காய்ச்சலும் இருந்ததால் தொற்றாகவும் இருக்கலாம், ஆன்டிபயாட்டிக் மருந்தாகவும் இருக்கலாம். ஆனால் காத்திருக்க முடியாது என்று ஹெப்பாரினை அடியோடு நிறுத்தினார். ஊசிக் குழாயைக் கழுவும் திரவத்தில் இருந்த துளி ஹெப்பாரின்கூடக் கூடாது என்று மாற்றச் சொன்னார். பதிலுக்கு ஆர்கட்ரோபன் என்ற மருந்தைத் தொடங்கினார். அதற்கு முறிவு மருந்து கிடையாது.

இரண்டாம் நாள் பெரியப்பாவுக்கு மலம் கறுப்பாகப் போனது. வயிற்றில் புண் இருந்திருக்கிறது, அதிலிருந்து ரத்தம். மருந்தை நிறுத்தி, எண்டோஸ்கோபி செய்து, நான்கு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவு, ஆறு நாட்கள். இதற்கிடையில் வெளியூர் ஆய்வகத்துக்குப் போன சோதனையின் முடிவு வந்தது. ஹிட் இல்லை.

பெரியப்பா பிழைத்துக்கொண்டார். காப்பீட்டு வரம்பு முன்பே தீர்ந்துபோயிருந்ததால் அந்த ஆறு நாட்களின் செலவு முழுதும் கையிலிருந்து. அண்ணியின் வளையல்கள் அடகுக்குப் போயின. அண்ணன் என்னை மாடிப்படியின் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னார், "இல்லாத வியாதிக்கு மருந்து குடுத்து, வயித்துல ரத்தம் வர வெச்சு, அதுக்கும் நம்மகிட்டயே காசு வாங்கறாங்கடா."

அன்று மாலை அந்த மருத்துவர் தானாக வந்து அண்ணன் எதிரே உட்கார்ந்தார். "இதே நம்பர் நாளைக்கு இன்னொருத்தருக்கு வந்தாலும் இதையேதான் செய்வேன் சார். ஆனா உங்க அப்பாவுக்கு ரத்தம் வந்தது நான் எழுதின மருந்தால. அது எனக்குத் தெரியும்" என்றார். அவர் போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பி, "பாத்தியா, அவங்களே ஒத்துக்கிட்டாங்க" என்றார்.

ஒத்துக்கொண்டாரா? அந்த இரண்டு வாக்கியங்களையும் நான் பல மாதங்களாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமனை நிர்வாகம் 'எங்கள் மேல் தப்பில்லை' என்றது. இரண்டாவதை எடுத்துக்கொண்டு அண்ணன் 'தப்புதான்' என்றார். இரண்டையும் சேர்த்துச் சொன்னது அவர் ஒருவர் மட்டுமே.

முதல் வாக்கியம் எவ்வளவு சரி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. அந்த நான்கு கேள்விகளில் நான்கோ ஐந்தோ வாங்குபவர்களில் உண்மையில் ஹிட் இருப்பது நூற்றுக்குச் சுமார் 14 பேருக்கு என்கிறது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012-ன் ஓர் ஆய்வு. இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இந்த மதிப்பெண்ணின் துல்லியம் இன்னும் குறைவு என்பார்கள், இருக்கட்டும். ஹெப்பாரினை நிறுத்திவிட்டு வேறெதுவும் கொடுக்காமல் காத்திருந்தால், நோய் உள்ளவர்களுக்கு முதல் நாட்களில் நாளுக்கு ஏறக்குறைய 6 சதவீதம் அடைப்பு வருகிறது. அப்படியானால் நான்கு நாள் காத்திருந்தால் அந்த 14 பேரில் மூவருக்கு அடைப்பு வரும். எல்லா 100 பேருக்கும் மாற்று மருந்து கொடுத்தால், பெரிய ரத்தக் கசிவு நாளுக்குச் சுமார் 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், நான்கு நாளில் நான்கு பேருக்குக் கசியும். மூன்றுக்கு நான்கு. தலைகளை மட்டும் எண்ணினால் காத்திருப்பதே மேல் என்று தோன்றும். ஆனால் அடைப்பு என்பது காலை வெட்டுவது, பக்கவாதம், சில சமயம் மரணம். ஆர்கட்ரோபனோ நிறுத்தினால் ஓரிரு மணி நேரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும், கசிவைப் பெரும்பாலும் கட்டுப்படுத்தலாம். ஒரு காலும் நான்கு யூனிட் ரத்தமும் ஒரே தராசில் ஏறாது. மருத்துவர் எடுத்தது சரியான முடிவு. சரியான அந்த முடிவுக்குள்ளேயே, நோயே இல்லாத யாரோ சிலருக்கு ரத்தம் கசியும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிலரில் ஒருவர் என் பெரியப்பா.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் காத்திருந்து, பெரியப்பாவுக்கு நிஜமாகவே ஹிட் இருந்து, கால் போயிருந்தால் அண்ணன் என்ன சொல்லியிருப்பார்? 'ஆபரேஷன்ல காம்ப்ளிகேஷன் ஆயிடுச்சு' என்றிருப்பார். விதி என்றும் சொல்லியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டிருந்ததால் வரும் கேட்டை நோயின் கணக்கில் எழுதுகிறோம், கை வைத்ததால் வரும் கேட்டை மருத்துவரின் கணக்கில். இந்த ஓரவஞ்சனையை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். குற்றவாளியைத் தேடிப்பிடிக்கும் வேகம் கூடக்கூட, சந்தேகத்தின் பேரில் துணிந்து செயல்படுகிறவர் குறைவார். இத்தனைக்கும் இந்த நோயில் 'ஒன்றும் செய்யாமல் இருப்பது' என்று ஒன்று கிடையவே கிடையாது. ஹெப்பாரினை நிறுத்தவில்லை என்றால் அது நரம்பில் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ஆகவே அண்ணனோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நிர்வாகத்தோடும் இல்லை.

மென்பொருள் உலகில் பெரிய கோளாறு நடந்தால் 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்' என்று ஒரு கூட்டம் போடுவோம். யார் செய்தார் என்று கேட்கக் கூடாது, எது செய்யவிட்டது என்றுதான் கேட்க வேண்டும். நல்ல வழக்கம், எனக்கு இதில் நம்பிக்கை உண்டு, மருத்துவமனைகளும் பழக வேண்டும். ஆனால் அது அமைப்பைத் திருத்தும் வழி, அடிபட்டவருக்கான பதில் அல்ல. சர்வர் விழுந்தால் சர்வருக்கு வலிக்காது.

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்ற பொருளில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். வில்லியம்ஸின் உதாரணத்தில் ஒரு லாரி ஓட்டுநர், தன் பக்கம் எந்தத் தவறும் இல்லாமல், ஒரு குழந்தையை ஏற்றிவிடுகிறார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் படும் வருத்தமும் அவர் படும் வருத்தமும் ஒன்றல்ல என்கிறார் வில்லியம்ஸ். 'நீ என்னப்பா செய்வே' என்று நாம் அவரைத் தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் உடனே தேறிவிட்டால் நமக்கு ஒரு மாதிரி இருக்கும்.

இதைப் படித்தபோது, இந்த உதாரணம் திருவாரூரில் நெடுங்காலமாகக் கல்லில் நிற்கிறதே என்று தோன்றியது. மனுநீதிச் சோழன் கதையில் தேரை ஓட்டிய இளவரசன் மேல் குற்றமில்லை, கன்று தானாக வந்து சக்கரத்தில் விழுந்தது. மந்திரிகள் அதையே சொல்லி, பரிகாரம் செய்தால் போதும் என்கிறார்கள். அரசன் கேட்பதில்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனின் தீர்ப்பை என்னால் ஒருநாளும் ஏற்க முடியாது, இன்னொரு உயிரைக் கொண்டு எந்தக் கணக்கும் நேராகாது. ஆனால் அந்த வழக்காடலில் ஒன்றைக் கவனித்தேன். மந்திரிகள் பேசுவதெல்லாம் இளவரசனைப் பற்றி, அவன் பாவம், அவன் பரிகாரம். வாசலில் மணியை இழுத்துவிட்டு நிற்கும் பசுவைப் பற்றிப் பேசுவது அரசன் ஒருவன்தான். பதில் தப்பாக இருக்கலாம், கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது. கடைசியில் தெய்வம் வந்து கன்றை எழுப்பிவிடுவதால் கதைக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

'யார் மேலும் தப்பில்லை' என்ற வாக்கியம் கேட்பதற்குத் தத்துவம் போல இருக்கும். நம் ஊரில் அது ஒரு பில்லும்கூட. தப்பில்லை என்றால் செலவு உங்களுடையது. சரியான ஒரு முடிவின் கேடு, குலுக்கலில் விழுந்தது போல ஒருவர் தலையில் விழுகிறது. அந்த முடிவினால் காப்பாற்றப்பட்ட மற்றவர்களுக்கு அது தெரியவே தெரியாது. 1995-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவ சேவையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், முடிவு தவறிப்போனது என்பதாலேயே மருத்துவர் கவனக்குறைவானவர் ஆகிவிட மாட்டார் என்று தெளிவுபடுத்தியது. இரண்டுமே நியாயம். ஆனால் சேர்த்துப் பார்த்தால், கேடு அடைந்தவருக்கு ஏதாவது கிடைக்க ஒரே வழி யாராவது ஒருவர் குற்றவாளி என்று நிரூபிப்பதுதான் என்றாகிறது. அண்ணன் கெட்டவர் அல்ல. அவருக்குத் திறந்திருந்த ஒரே கதவு அது, அதைத் தட்டினார். குற்றவாளியைத் தேடும் அந்த வெறியில் பாதி கோபத்தால் வருவது, மீதி வளையல்களால் வருவது.

நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயங்களுக்கு, தவறு யாருடையது என்று பார்க்காமல் பொது நிதியிலிருந்து ஈடு கொடுக்கிறார்கள். சிகிச்சையால் வந்த காயத்துக்கும் மருத்துவரின் பிழையை நிரூபிக்கத் தேவையில்லை என்று 2005-ல் மாற்றினார்கள். எல்லாக் கேட்டுக்கும் அல்ல, சிகிச்சையின் வழக்கமான விளைவு என்று கருதப்படுபவை அதற்கு வெளியே நிற்கும். குறைகள் இருக்கட்டும். அங்கே ஒரு மருத்துவர் 'நான் எழுதின மருந்தால' என்று சொன்னால் கேட்பவர் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் குறைவு. இங்கே அந்த மருத்துவர் அதைச் சொன்னது துணிச்சல். நிர்வாகத்துக்கு அது பிடித்திருக்காது என்று நிச்சயமாகச் சொல்வேன்.

பழி, குற்றம் என்ற இரண்டு சொற்களைத் தமிழ் தனித்தனியாக வைத்திருக்கிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று பழமொழியே உண்டு. ஆனால் குற்றமில்லாமல் ஒரு கேட்டோடு கட்டுப்பட்டிருப்பதற்கு, 'இதில் என் கை இருக்கிறது' என்று மட்டும் சொல்வதற்கு, நம்மிடம் தனிச் சொல் இல்லை. 'பொறுப்பு' என்று சொல்லிப் பார்க்கலாம். அலுவலகங்களில் புழங்கித் தேய்ந்துவிட்ட சொல், 'யார் பொறுப்பு?' என்றாலே இப்போது 'யாரை மாட்டிவிடலாம்?' என்றுதான் கேட்கிறது.

பெரியப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு சிக்கல் இருந்தது. சோதனை முடிவு வருவதற்கு முன் தட்டச்சு செய்த வரி அப்படியே நின்றுவிட்டது: 'ஹிட் சந்தேகம், ஹெப்பாரின் தவிர்க்கவும்.' உண்மையான ஹிட்டில்கூட அந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் நூறு நாட்களுக்குள் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். காகிதத்தில் எழுதியது மறையாது. நாளைக்கு அவருக்கு டயாலிசிஸோ இன்னோர் அறுவை சிகிச்சையோ தேவைப்பட்டால், அந்த ஒரு வரியைப் பார்த்து ஹெப்பாரினை ஒதுக்கிவிட்டு, எந்த மருந்தில் அவருக்கு ரத்தம் கசிந்ததோ அதையே மறுபடி கொடுத்துவிடலாம். திருத்தி வாங்க அண்ணனோடு நானும் போனேன். அதே மருத்துவர்தான் இருந்தார். புதுத் தாளில் ஹிட் இல்லை என்று உறுதியானதையும் ஹெப்பாரின் கொடுக்கலாம் என்பதையும் எழுதினார். நாங்கள் கேட்காத இன்னொரு வரியையும் கீழே சேர்த்தார்: 'ஹிட் சந்தேகத்தின் பேரில் நான் தொடங்கிய ஆர்கட்ரோபனால் இரண்டாம் நாள் வயிற்றில் ரத்தக் கசிவு.' அதன் கீழே பெயர், பதிவு எண், கையெழுத்து. அண்ணன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, மடிக்காமல், பெரியப்பாவின் எக்ஸ்ரே உறைக்குள் வைத்தார்.